சிக்லாகு எங்கே இருந்தது? தாவீதின் ஊரைத் தேடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிக்லாகு எந்த ஊர்? எனக்கு நினைவில்லையே.

பலருக்கும் நினைவிருக்காது. விவிலியத்தில் பெத்லகேம், எருசலேம் போல அடிக்கடி வரும் பெயர் இல்லை இது. தாவீது ராஜாவாவதற்கு முன்னால் அப்போதைய இஸ்ரவேல் ராஜா சவுலுக்குப் பயந்து ஓடிய காலத்தில், வேறு போக்கிடம் இல்லாமல் தன் 600 ஆட்களோடு எதிரிகளான பெலிஸ்தரிடமே போய்ச் சேர்ந்தான். காத் நகரத்து ராஜா ஆகீஸ் அவனுக்குக் குடியிருக்கக் கொடுத்த ஊர்தான் சிக்லாகு. ஒரு வருடம் நாலு மாதம் தாவீது பெலிஸ்தர் நாட்டில் இருந்ததாக 1 சாமுவேல் 27ஆம் அதிகாரம் சொல்கிறது.

பிறகு 30ஆம் அதிகாரம். தாவீதும் அவன் ஆட்களும் பெலிஸ்தர் படை திரண்டிருந்த ஆப்பெக்கிலிருந்து திரும்பி மூன்றாம் நாள் ஊருக்கு வந்தால், ஊரே எரிந்து கிடக்கிறது. அமலேக்கியர் என்ற கொள்ளைக் கூட்டத்தார் வந்து கொளுத்திவிட்டு, பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தாவீதின் மனைவிகள் அகினோவாளும் அபிகாயிலும் அவர்களில் உண்டு. அழுவதற்குப் பெலனில்லாமல் போகுமட்டும் அழுதார்கள் என்கிறது பழைய மொழிபெயர்ப்பு. ஆட்கள் தாவீதையே கல்லெறிந்து கொல்லலாம் என்று பேசிக்கொள்ளும் அளவுக்கு நிலைமை போகிறது. அப்புறம் துரத்திப் பிடித்து எல்லாரையும் மீட்கிறான். சவுல் இறந்த செய்தி தாவீதுக்கு வந்து சேர்வதும் இதே ஊரில்தான்.

இவ்வளவு முக்கியமான ஊரின் இடம் எப்படித் தெரியாமல் போகும்?

கதைக்கு முக்கியம், ஆனால் அரசியலுக்கு முக்கியமில்லை. தாவீது எப்ரோனுக்குப் போய் ராஜாவான பிறகு சிக்லாகில் எதுவும் நடந்ததாகப் பதிவில்லை. கடைசியாக நெகேமியா 11:28இல், பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு யூதா மக்கள் குடியிருந்த ஊர்களின் வரிசையில் ஒருமுறை தலை காட்டுகிறது. எருசலேம், காசா மாதிரி மக்கள் விட்டுப் போகாமல் தொடர்ந்து வாழ்ந்த ஊர்களுக்குப் பெயர் நிலைத்தது. ஆள் இல்லாமல் போன ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க யார் இருக்கிறார்கள்?

பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா?

அப்படித்தான் தொடங்கினார்கள். 1838இல் அமெரிக்கரான எட்வர்ட் ராபின்சன், அரபு மொழி நன்றாகத் தெரிந்த எலி ஸ்மித்தோடு பாலஸ்தீனத்தில் பயணம் செய்து, உள்ளூர் மக்கள் தங்கள் ஊரை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டார். அனாதா என்ற கிராமம் எரேமியாவின் ஆனதோத்து, பேய்த்தீன் என்பது பெத்தேல், சைலூன் என்பது சீலோ என்று பல ஊர்கள் அந்த வழியில் அடையாளம் தெரிந்தன. மண்வெட்டியே தேவைப்படவில்லை.

சிக்லாகுக்கு அந்த வழி கைகொடுக்கவில்லை. 1870களில் நாட்டை அளந்து வரைபடம் போட்ட ஆங்கிலேய அதிகாரிகள் காண்டரும் கிச்சனரும், காசாவுக்குத் தென்கிழக்கே இருந்த கிர்பெத் சுஹைலிகா என்ற பாழிடத்தின் பெயர் ஒத்துப்போவதாக நினைத்தார்கள். (பின்னாளில் முதல் உலகப்போரில் மீசையும் சுட்டுவிரலுமாக ஆள்சேர்ப்புச் சுவரொட்டியில் வந்த அதே கிச்சனர்தான்.) காதுக்கு ஏதோ ஒத்துப்போகிற மாதிரி இருக்கும். ஆனால் எபிரெயப் பெயரின் மெய்யெழுத்துகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருத்தம் தளர்ந்துவிடுகிறது. இன்று இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஹலூட்சா என்ற இடத்தையும் ஒரு காலத்தில் சொன்னார்கள். அது நபாத்தியர் என்ற அரபு மக்களின் பிற்கால ஊர்.

சிக்லாகு என்ற பெயர் எபிரெயச் சொல் மாதிரியே இல்லை என்பது இன்னொரு சங்கதி. அது பெலிஸ்தர் வைத்த பெயராக இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அந்நிய மொழிப் பெயர் என்றால், ஊர் கைமாறிய பிறகு அது மறைந்துபோக இன்னொரு காரணம் கிடைக்கிறது.

விவிலியம் திசையாவது சொல்கிறதா?

சொல்கிறது. எல்லா வாதமும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

யோசுவா 15ஆம் அதிகாரம் யூதா கோத்திரத்து ஊர்களைப் பகுதி பகுதியாகப் பட்டியலிடுகிறது: முதலில் ஏதோம் எல்லைக்கு அருகான தெற்கு, பிறகு மேற்கே தாழ்ந்த குன்றுப் பகுதி, பிறகு மலைநாடு, கடைசியில் வனாந்தரம். சிக்லாகு 31ஆம் வசனத்தில், தெற்குப் பகுதியில் வருகிறது. யோசுவா 19:5இல் அதே ஊர் சிமியோன் கோத்திரத்துக்கு எழுதப்பட்டிருக்கிறது. சிமியோனின் பங்கும் பெயெர்செபாவைச் சுற்றிய தெற்குப் பக்கம்தான். ஆக, இரண்டு பட்டியலும் தெற்கே கை காட்டுகின்றன.

பட்டியல் பழுதற்றது என்று சொல்ல மாட்டேன். தெற்குப் பகுதி முடியும் இடத்தில் மொத்தம் 29 பட்டணங்கள் என்று இருக்கும். விரல் விட்டு எண்ணினால் 30ஐத் தாண்டும். யாரோ எப்போதோ பெயர்களைச் சேர்த்திருக்கிறார்கள், கூட்டுத்தொகையைத் திருத்த மறந்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

அடுத்தது பேசோர் ஆறு. அமலேக்கியரைத் துரத்திப் போகும்போது 600 பேரில் 200 பேர் களைத்துப்போய் இந்த ஆற்றங்கரையில் தங்கிவிடுகிறார்கள். மீதி 400 பேர் கடந்து போகிறார்கள். காசாவுக்குத் தெற்கே கடலில் சேரும் பெரிய காட்டாற்றைத்தான் இன்று பேசோர் என்கிறார்கள். ஆனால் அந்த ஆற்றுக்கு அந்தப் பெயரைப் பொருத்தியதே இந்தக் கதையை வைத்துத்தான். சிக்லாகை வைத்து ஆற்றையும், ஆற்றை வைத்து சிக்லாகையும் கண்டுபிடித்தால் நாம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

இன்னும் ஒரு குறிப்பு இருக்கிறது. சிக்லாகு இந்நாள்வரைக்கும் யூதாவின் ராஜாக்களைச் சேர்ந்தது என்கிறது 1 சாமுவேல் 27:6. இதை எழுதியவர் காலத்தில் ஊர் உயிரோடு இருந்திருக்கிறது, அரண்மனைச் சொத்தாகவும் இருந்திருக்கிறது. எனவே நாம் தேடும் மேட்டில் பெலிஸ்தர் கால மண்பாண்டம், தாவீது கால எரிந்த அடுக்கு, யூதா ராஜாக்கள் காலக் குடியிருப்பு, நெகேமியாவின் பாரசீகக் கால அடுக்கு என நான்கும் இருந்தால் நல்லது.

போட்டியில் இருக்கும் இடங்கள் எவை?

முன்வைக்கப்பட்டவை ஒரு டஜனை நெருங்கும். இன்று பேச வேண்டியவை மூன்று: டெல் ஹலிஃப், டெல் செரா, கிர்பெத் அல்-ராயி. (டெல் என்றால் ஊர் மேல் ஊராகக் கட்டிக் கட்டி உயர்ந்த மண்மேடு. கிர்பெத் என்றால் பாழிடம்.)

டெல் மாசோஸ், டெல் ஷேவா என்ற இரண்டையும் ஜெர்மன் அறிஞர்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள். டெல் ஷேவாவைப் பெரும்பாலோர் பெயெர்செபா என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அதைச் சிக்லாகு என்றால் பெயெர்செபாவுக்கு வேறு இடம் தேட வேண்டும். ஒரு பல்லைக் கட்டப் போய் இன்னொரு பல்லைப் பிடுங்கின கதை.

டெல் ஹலிஃப்?

பெயெர்செபாவுக்கு வடகிழக்கே, லஹாவ் கிபுட்ஸ் (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பு) பக்கத்தில் இருக்கிறது. அரபுப் பெயர் டெல் அல்-குவைல்ஃபே. ஜெர்மன் அறிஞர் ஆல்பிரெக்ட் ஆல்ட் முன்வைத்த இடம். நீண்ட காலம் பல வரைபடங்களில் இதுவே சிக்லாகாக இருந்தது. 1976இல் ஜோ சீகர் தலைமையில் அமெரிக்கக் குழு அங்கே அகழத் தொடங்கியது.

அகழ்ந்தவர்களில் ஒருவரான ஓடெட் போரோவ்ஸ்கியே பிறகு இந்த அடையாளத்தைக் கைவிட்டு, இது ரிம்மோன் என்ற ஊராக இருக்கலாம் என்றார். ரிம்மோன் என்றால் மாதுளை. பக்கத்திலேயே கிர்பெத் உம் அர்-ரமாமின் என்ற பாழிடம் இருக்கிறது, அதன் பெயரிலும் மாதுளை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் முன்னே பார்த்த பெயர் பிழைக்கும் வழி இங்கே வேலை செய்கிறது. ஆனால் சிக்லாகுக்குச் சாதகமாக அல்ல!

டெல் செரா?

எனக்கு அதிகம் பிடித்த வேட்பாளர், அதையும் சொல்லிவிடுகிறேன். பெயெர்செபாவுக்கு வடமேற்கே சுமார் 20 கிலோமீட்டரில், காசாவுக்குப் போகும் பக்கத்தில், பேசோரில் சேரும் கேரார் ஓடைக் கரையில் இருக்கிறது. அரபியில் டெல் அஷ்-ஷரீயா. பென்-குரியன் பல்கலைக்கழகத்தின் எலியேசர் ஓரென் 1972 முதல் 1979 வரை இங்கே அகழ்ந்தார்.

கிடைத்தவை சுவையானவை. கி.மு. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தியர் இந்தப் பக்கத்தை ஆண்டபோது அதிகாரி ஒருவர் இருந்த பெரிய கட்டடம், எகிப்தியக் கையெழுத்தில் மை கொண்டு எழுதிய கிண்ணத் துண்டுகள், அவற்றில் ஒன்றில் ஒரு ராஜாவின் 22ஆம் ஆண்டு என்ற குறிப்பு. அந்த ராஜா மூன்றாம் ராமசேஸாக இருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். அதற்கு மேல் பெலிஸ்தர் மண்பாண்டம், அதற்கும் மேல் யூதா ராஜாக்கள் கால வீடுகள், பாரசீகக் கால அடுக்கு. நான் கேட்ட நான்கில் குடியிருப்பு சம்பந்தப்பட்டவை இங்கே வரிசையாக இருக்கின்றன. தெற்கு என்ற திசையும் பொருந்துகிறது. சிக்லாகு என்று எழுதிய ஒரு ஓட்டுத்துண்டு மட்டும் வரவில்லை.

2019இல் சிக்லாகு கிடைத்துவிட்டது என்று செய்தி வந்ததே?

வந்தது. ஜூலை 2019இல் எருசலேம் எபிரெயப் பல்கலைக்கழகத்தின் யோசெப் கார்ஃபிங்கல், இஸ்ரேல் தொல்பொருள் ஆணையத்தின் சாஆர் கனோர், சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தினர் ஆகியோர் சேர்ந்து அறிவித்தார்கள். இடம் கிர்பெத் அல்-ராயி. விவிலிய நகரமான லாகீசுக்கு மேற்கே சுமார் 4 கிலோமீட்டர். 2015 முதல் அங்கே அகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

அவர்கள் வாதத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும், அது பலமானது. கி.மு. 12, 11ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த பெலிஸ்தர் குடியிருப்பு, பெரிய கல் கட்டடங்கள், தரைக்கு அடியில் நல்ல சகுனத்துக்காகப் புதைத்த கிண்ணங்களும் அகல் விளக்கும் கிடைத்தன. அதற்கு மேல் கி.மு. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கிராமம், அது கடும் தீயில் அழிந்திருக்கிறது. அந்தச் சாம்பலில் உடையாமல் கிட்டத்தட்ட 100 பானை சட்டிகள். எண்ணெயும் திராட்சரசமும் வைத்த சால்கள் அவற்றில் உண்டு. பெலிஸ்தர் ஊர், பிறகு தாவீது கால ஊர், நடுவில் நெருப்பு: கதை அப்படியே மண்ணில் இருக்கிறது என்றார்கள். மற்ற வேட்பாளர்களில் இந்தத் தொடர்ச்சி இல்லை என்பது அவர்கள் கட்சி.

சரி, அப்புறம் ஏன் மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை?

காத் நகரத்தை, அதாவது டெல் எஸ்-சாஃபியை, 1996 முதல் அகழ்ந்த ஆரென் மாயிர் வெளிப்படையாக மறுத்தார். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் இஸ்ரேல் ஃபிங்கல்ஸ்டைனும் ஏற்கவில்லை. முக்கியமான எதிர்ப்பு ஒன்றுதான்: இடம் தெற்கில் இல்லை.

யோசுவா 15ஐத் திரும்பத் திறந்து பாருங்கள். லாகீஸ் 39ஆம் வசனத்தில், மேற்குக் குன்றுப் பகுதி ஊர்களோடு இருக்கிறது. சிக்லாகு 31இல், தெற்கு ஊர்களோடு. இரண்டு ஊருக்கும் நடுவே 4 கிலோமீட்டர்தான் என்றால், பட்டியல் போட்டவர் இதை ஒரு பகுதியிலும் அதை இன்னொரு பகுதியிலும் ஏன் எழுதுகிறார்? நடந்தே ஒரு மணி நேரத்தில் போகிற தூரம் அது. 29 என்று தப்பாகக் கூட்டியவர்தான் என்றாலும், லாகீசுக்குப் பக்கத்து ஊரைச் சிமியோனுக்கும் எழுதி வைக்கும் அளவுக்குத் தடுமாறினார் என்று நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

ஆப்பெக்கிலிருந்து மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார்கள் என்பதையும் கணக்கில் எடுக்கலாம். நேர்கோட்டில் அங்கிருந்து அல்-ராயிக்குச் சுமார் 60 கிலோமீட்டர், டெல் செராவுக்கு 80க்கு மேல். ஆயுதம் தூக்கிய ஆட்கள் மூன்று நாளில் இரண்டில் எதையும் எட்டலாம். இந்தத் துப்பு யாருக்கும் உதவாது.

ஆனால் எரிந்த அடுக்கு இருக்கிறதே, அது சாட்சி இல்லையா?

எரிந்ததற்குச் சாட்சி. யார் எரித்தார்கள் என்பதற்கு இல்லை. வைக்கோல், மரம், எண்ணெய்ப் பானை எல்லாம் ஒரே கூரைக்கு அடியில் வைத்திருந்த காலம். படை வந்தும் எரியலாம், அடுப்பிலிருந்து பொறி பறந்தும் எரியலாம். அந்த நூற்றாண்டுகளில் அந்த நாட்டில் எரியாத ஊரைத் தேடுவதுதான் கடினம்.

கரிமக் காலக்கணிப்பும் ஓர் அளவுக்குத்தான் உதவும். கருகிய ஒலிவ விதையை ஆய்வகத்துக்கு அனுப்பினால் இத்தனை ஆண்டிலிருந்து இத்தனைக்குள் என்று பல பத்தாண்டு அகலமுள்ள விடைதான் வரும். தாவீது சிக்லாகில் இருந்ததோ ஒரு வருடத்துச் சில்லறை. அந்த அகலத்துக்குள் தாவீதும் அடங்குவான், அவன் தாத்தாவும் அடங்கலாம்.

கதையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. அமலேக்கியர் ஒருவரையும் கொல்லாமல் பிடித்துக்கொண்டு போனார்கள் என்கிறது வசனம். ஆடு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். கொள்ளைக்கு வந்தவர்கள் எண்ணெய்ச் சால்களை விட்டுவிட்டுப் போவார்களா? ஒட்டகத்தில் சால் ஏற்றுவது சிரமம் என்று பதில் சொல்லலாம். நான் இதை வாதமாக வைக்கவில்லை. அதே சாம்பலை எதிர்ப்பக்கமும் படிக்கலாம் என்று காட்டத்தான் சொன்னேன்.

அல்-ராயியில் எழுத்து ஏதும் கிடைக்கவில்லையா?

கிடைத்தது, 2021இல் வெளியிட்டார்கள். சிறு குடுவைத் துண்டில் மையால் எழுதிய யெருபாகால் என்ற பெயர், கி.மு. 1100 அளவில். நியாயாதிபதிகள் புத்தகத்தில் கிதியோனுக்கு வரும் மறுபெயர் அது. அந்தக் காலத்து எழுத்து அபூர்வம் என்பதால் பெரிய கண்டுபிடிப்புதான். ஆனால் அது ஆள் பெயர். அந்தக் கிதியோனாகவும் இருக்க வேண்டியதில்லை, அவன் வாழ்ந்ததாகச் சொல்லும் இடம் வெகு தொலைவில் வடக்கே இருக்கிறது. ஊர்ப் பெயர் இதில் இல்லை.

அப்படியானால் எது கிடைத்தால் வழக்கு முடியும்?

மண்ணிலிருந்து ஊரின் பெயர் எழுத்தில் வர வேண்டும். வந்த ஊர்கள் உண்டு. கேசேரைச் சுற்றியுள்ள பாறைகளில், இது கேசேரின் எல்லை என்று செதுக்கியிருந்ததை 1870களில் கிளெர்மோன்-கனோ கண்டுபிடித்தார். கிபியோனில், 1950களில் ஜேம்ஸ் பிரிச்சர்ட் அகழ்ந்தபோது, ஊர்ப் பெயர் கீறிய சால் கைப்பிடிகள் ஒன்று இரண்டல்ல, 30க்கு மேல் கிடைத்தன. ஒரு கைப்பிடி என்றால் வேறு ஊரிலிருந்து வந்த சால் என்று தட்டிக்கழிக்கலாம்.

எனக்குப் பிடித்தது எக்ரோன். 1996இல் டெல் மிக்னேயில் ஒரு கோயில் கல்வெட்டு கிடைத்தது. இந்த ஆலயத்தைக் கட்டியவன் பாதி என்பவனின் மகன், எக்ரோனின் அதிபதி என்று அதில் இருக்கிறது. அந்த அதிபதியின் பெயர் என்ன தெரியுமா? ஆகீஸ் என்று நாம் படிக்கும் அதே பெயர். தாவீதுக்குச் சிக்லாகைக் கொடுத்தவன் இவன் இல்லை; இவன் கி.மு. 7ஆம் நூற்றாண்டுக்காரன், 300 வருடம் பிந்தியவன். ஆனால் ஆகீஸ் என்பது பெலிஸ்தர் ராஜாக்கள் நிஜமாகவே வைத்துக்கொண்ட பெயர் என்பது அந்தக் கல்லால் உறுதியானது.

சிக்லாகு கிடைக்காததால் தாவீதே இல்லை என்று ஆகிவிடுமா?

இல்லை. இரண்டும் வேறு வேறு கேள்வி. 1993இல் டெல் தாணில் கிடைத்த கி.மு. 9ஆம் நூற்றாண்டு அரமேயக் கல்வெட்டில் தாவீதின் வீடு என்ற அரச வம்சப் பெயர் இருக்கிறது. அதைப் பெரும்பாலான அறிஞர்கள் அப்படியே படிக்கிறார்கள். அந்த வம்சத்தின் முதல் ஆள் ஒரு காலத்தில் எந்த ஊரில் ஒதுங்கினான் என்பதை அது சொல்லாது.

ஒரே ஆய்வாளர் இப்படி அடிக்கடி விவிலிய ஊர்களைக் கண்டுபிடிப்பதாக ஒரு பேச்சு உண்டே?

கார்ஃபிங்கலைச் சொல்கிறீர்கள். அவரும் கனோரும் கிர்பெத் கெய்யாஃபாவை 2007 முதல் 2013 வரை அகழ்ந்து, மதிலில் இரண்டு வாசல் இருப்பதால் அது விவிலியத்தின் சாராயீம் என்றார்கள். எபிரெயத்தில் அதற்கு இரண்டு வாசல் என்று பொருள். நம் சாராயத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதுவும் இன்றுவரை விவாதத்தில்தான் இருக்கிறது. ஆனால் அகழ்வாராய்ச்சி தரமானது, மண்பாண்டமும் காலக்கணிப்பும் எல்லாரும் பயன்படுத்தும் தரவு. கண்டெடுத்ததையும் அதற்குச் சூட்டிய பெயரையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் இந்தச் சண்டைகளைக் கோபமில்லாமல் படிக்கலாம்.

என் வேதாகமத்தின் பின்பக்க வரைபடத்தில் சிக்லாகுக்குத் தெளிவாக ஒரு புள்ளி இருக்கிறதே?

வரைபடம் போடுகிறவர் எங்கேயாவது புள்ளி வைத்துத்தான் ஆக வேண்டும். அந்தப் புள்ளி பெயெர்செபாவுக்கு வடகிழக்கே இருந்தால் அவர் டெல் ஹலிஃபைப் பின்பற்றுகிறார், வடமேற்கே காசா பக்கமாக இருந்தால் டெல் செராவை. லாகீசை ஒட்டி இருந்தால் வரைபடம் 2019க்குப் பிறகு அச்சானதாக இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு கேள்விக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் நல்ல வரைபடம்.